சுறா கடிக்குமா ரீச்சர்?



ஹஜ்ஜுப் பெருநாள் சில வருடங்களாக எங்கட பக்கக் கடல் அமைதியாகக் கிடக்கும் மாதங்களில்தான் வருகிறது. லீவு கிடைத்தால் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வேன் பிடித்து நிலாவெளிக்குப் போய், அங்கிருந்து போட்டில் புறாமலைக்குப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதற்கு முதல் நாள் இரவு எனக்கு வட்ஸ்அப்பில் வரும் கேள்வி ஒன்றேதான். பழைய மாணவிகள், பெற்றோர், எங்கட மச்சிமார் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள்: "ரீச்சர், அங்க சுறா இரிக்காமே, புள்ளைகளத் தண்ணிக்குள்ள இறக்கலாமா? கடிக்குமா?"

இறக்கலாம். அந்தச் சுறா உங்கட பிள்ளையைக் கண்டால், பிள்ளை பயந்து ஓடுவதற்கு முன்னால் அது ஓடிவிடும். வட்ஸ்அப்பில் அவ்வளவுதான் எழுத முடியும். ஆனால் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், மீன்காரக் குடும்பத்தில் பிறந்தவள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று கன நாளாக மனதில் கிடந்தது. நீளமான பதிவு. தேத்தண்ணியோட இருந்து வாசியுங்கள்.

புறாமலை நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். பெரிய தீவு ஒன்று, சின்னத் தீவு ஒன்று. பாறைகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். 1963 இல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2003 இல் தேசியப் பூங்கா ஆனது. சுற்றியிருக்கும் கடலையும் சேர்த்து 471 ஹெக்டயர், அதாவது நீங்கள் டிக்கட் எடுப்பது மணலையும் பாறையையும் பார்க்க மட்டும் அல்ல, தண்ணீருக்குள் இருக்கும் முருகைக்கல்லுக்கும் சேர்த்துத்தான்.

அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலே கண்ணுக்குத் தெரியும் சுறாவை ஆங்கிலத்தில் பிளக்டிப் ரீஃப் ஷார்க் என்பார்கள். செட்டை நுனிகளெல்லாம் மைப்புட்டியில் தோய்த்து எடுத்தது போல் கறுத்திருக்கும். முதுகுச் செட்டையில் அந்தக் கறுப்புக்குக் கீழே வெளிறிய பட்டை ஒன்று ஓடும். அதனால் தூரத்திலிருந்தே தெரியும். நன்றாக வளர்ந்தது ஒன்றரை மீற்றர் அளவுக்கு வரும். எங்கட வீட்டுக் கதவை விடச் சின்னது. அது தின்பது முருகைக்கல்லில் மேயும் மீன்களையும் கணவாயையும்தான்.

பொய் சொல்லக் கூடாது. இந்தச் சுறா உலகின் வேறு இடங்களில் ஆழமில்லாத தண்ணீரில் நடந்து போகிறவர்களின் காலைக் கடித்த சம்பவங்கள் பதிவாகி இருக்கின்றன. கலங்கிய தண்ணீரில் காலும் மீனும் அதற்கு ஒன்றுதான். கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும், தையல் போடும் அளவுக் காயம். ஆகவே மீன் பிடித்த இரத்தத்தோடு யாரும் நிற்கும் இடத்தில் பிள்ளைகளை இறக்க வேண்டாம். பாண் துண்டு, ரோல்ஸ் துண்டு போட்டு மீனைக் கூப்பிட வேண்டாம். ஃபோட்டோவுக்காகச் சுறாவை ஐந்தாறு பேர் சேர்ந்து துரத்த வேண்டாம். முருகைக்கல் மேல் ஏறி நிற்கவே வேண்டாம். அது கல் அல்ல, உயிர். இதைப் பத்து வருடமாக வகுப்பில் சொல்லி வருகிறேன், போன சீசனிலும் ஒரு வாப்பா தன் மகனை அதன் மேல் நிற்க வைத்துப் படம் எடுத்ததை என் கண்ணால் கண்டேன்.

உலகம் முழுவதும் மனிதன் சீண்டாமல் சுறா மனிதனைக் கடிப்பது ஒரு வருடத்துக்கு அறுபது எழுபது தடவை அளவில்தான். அதில் மௌத்தாவோர் பெரும்பாலும் பத்துக்குள். மனிதன் கொல்லும் சுறாக்களின் தொகையை 2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வு வருடத்துக்குப் பத்துக் கோடி அளவில் என்று மதிப்பிட்டது. ஒன்பதாம் வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். கடைசி வாங்கில் இருந்த ஒருவன், "அப்ப ரீச்சர், சுறாவோட உம்மாதான் புள்ளையக் கடலுக்கு விடப் பயப்படணும்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

முருகைக்கல்லில் வேறு சுறாக்களும் உண்டு. செட்டை நுனி வெள்ளையாக இருப்பது ஒன்று, பகலில் கற்குகைக்குள் படுத்துக் கிடந்து இரவில் இரை தேடும். சுறா நீந்திக்கொண்டே இருக்காவிட்டால் செத்துவிடும் என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். இந்தச் சுறா அதைப் பொய்யாக்குகிறது. படுத்த இடத்திலிருந்தே வாயால் தண்ணீரை இழுத்துப் பூ வழியாக விடும். சாம்பல் நிறச் சுறா ஒன்று முருகைப் பாரின் வெளி ஓரத்தில் திரியும். கிட்டப் போனால் முதுகை வளைத்து, மார்புச் செட்டையைக் கீழே இறக்கி, போ என்று உடம்பால் சொல்லும். வரிச் சுறா என்றொன்றும் இருக்கிறது. குட்டியில் உடம்பெல்லாம் வரி, வளர்ந்த பிறகு புள்ளி. ஒரே மீனை இரண்டு மீன் என்று நினைத்து இரண்டு பெயர் வைத்தவர்கள் உலகத்தில் பல பேர்.

திருகோணமலையின் விசேஷம் என்னவென்றால், முருகைக்கல்லுக்கும் பாதாளத்துக்கும் இடையில் தூரம் குறைவு. எங்கட துறைமுகத்துக்கு வெளியே கடலின் அடியில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. குடாவிலிருந்து தொடங்கி ஆழ்கடலில் ஆயிரக்கணக்கான மீற்றருக்கு இறங்கிப் போகிறது. நீலத் திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வருவதற்கு அதுதான் காரணம். மறுபக்கத்தில் மகாவலி வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஆற்று வாய்ப் பக்கத்துக் கலங்கல் தண்ணீர் சுறாக்கள் குட்டி போடுவதற்கு விரும்பும் மாதிரியான தண்ணீர். முருகைச் சுறா, ஆழ்கடல் சுறா, குட்டிகள் வளரும் களப்பு, மூன்றும் ஒரே மாவட்டத்துக்குள். பிள்ளைகள் இதைப் பாடப் புத்தகத்தில் அவுஸ்திரேலியாவின் படத்தை வைத்துப் படிக்கிறார்கள்.

வெளிக்கடல் சுறாக்களின் பெயர்களை நான் எங்கட மாமாவிடம்தான் கேட்டேன். அவர் பலநாள் போட்டில் பதினெட்டு வருடம் போனவர். காலி, மாத்தறை ஆட்களோடு ஒரே போட்டில் போனதால் அவருடைய வாயில் பாதிப் பெயர் சிங்களம். கொம்பன் சுறாவை உதலு மோறா என்பார். உதல்ல என்றால் மண்வெட்டி, தலையைப் பார்த்தால் பெயர் சரிதான். வால் உடம்பளவுக்கு நீண்டிருக்கும் சுறாவுக்கு கச மோறா. கச என்பது கசை, சவுக்கு. அந்த வாலால்தான் அது மீன் கூட்டத்தைச் சுழற்றி அடித்து மயக்கித் தின்கிறது, பெயர் வைத்தவன் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். பஸ் நீளத்துக்கு வளரும் திமிங்கிலச் சுறாவுக்கு மினிமுத்து மோறா என்று பெயர். கறுத்த முதுகில் வெள்ளைப் புள்ளிகள் முத்துப் போல் இருப்பதால். அது மிதவை உயிரிகளையும் பொடி மீனையும் வடிகட்டித் தின்னும் சாது. இந்தச் சிங்களப் பெயர்களை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

சட்டம் தெரியாதவர்களுக்காக: கசைவால் சுறாவின் மூன்று இனங்களையும் பிடிக்க எங்கட நாட்டில் 2012 முதல் தடை. திமிங்கிலச் சுறாவுக்கும் பெருங்கடல் வெண்நுனிச் சுறாவுக்கும் 2015 முதல். அதற்கு முன்பே, 2001 ஒழுங்குவிதியின்படி, செட்டையை உடம்பிலிருந்து பிரித்து எடுத்துக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. சர்வதேச வர்த்தகத்தில் கசைவால் சுறாவுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று 2016 இல் சைட்டிஸ் மாநாட்டில் முன்னால் நின்று கேட்ட நாடும் இலங்கைதான். இது எங்கட ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த சைட்டிஸ் மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடக்க இருந்தது. அந்த ஏப்ரலில் நடந்தது எல்லாருக்கும் தெரியும், மாநாடு ஜெனீவாவுக்குப் போய்விட்டது. அந்த நாட்களில் போன எத்தனையோ விஷயங்களில் இதுவும் ஒன்று, யாரும் கவனிக்காதது.

ஆனால் நான் எழுத வந்த விஷயம் இந்தப் பெரிய சுறாக்கள் அல்ல. பால் சுறா.

பிள்ளை பெற்ற வீட்டில் சுறா வறை இல்லாமல் நாற்பது நாள் கழிந்த குடும்பம் எங்கட பக்கத்தில் குறைவு. அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் உள்ளியும் மஞ்சளும் போட்டு எங்கட மூத்தம்மா செய்தது போல் இன்றைக்கும் எனக்கு வராது. அவ தானே சந்தைக்கு ஆள் அனுப்பி வாங்குவா. "பால் சுறாதான் வேணும், வேற சுறா சூடு" என்று சொல்லி அனுப்புவா. கொண்டுவந்ததை வாயையும் செட்டையையும் பார்த்து, இது பால் சுறா இல்லை என்று திருப்பி அனுப்பியதையும் நான் கண்டிருக்கிறேன். அந்தப் பார்வை அவவோட போய்விட்டது. எனக்கும் வரவில்லை, உம்மாவுக்கும் வரவில்லை. இன்று சந்தையில் ஒரு முழத்துக்குள் இருக்கும் எந்தச் சுறாவும் பால் சுறா.

உண்மையான பால் சுறா ஒரு தனி இனம். பெரிதாக வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு மீற்றர் அளவுக்குள்தான் நிற்கும். செட்டையில் கறுப்பு அடையாளம் எடுப்பாக இராது. வாயின் இரண்டு மூலையிலும் நீளமான மடிப்புக் கோடு ஓடும். முதுகில் இரண்டாவது செட்டை மிகச் சின்னதாக, வால் பக்கம் தள்ளி இருக்கும். சந்தைக் கூடையில் "பால் சுறா" என்று கிடப்பதைக் குனிந்து பார்த்தால், சில நாட்களில் அதுதான். வேறு சில நாட்களில் செட்டை நுனி கறுத்த குட்டிகள். ஒரு நாள் கூடை முழுக்க மண்வெட்டித் தலைக் குட்டிகள், விரல் நீளத் தலையோடு. அன்றைக்கு வியாபாரி சொன்னது: "எல்லாம் பால் சுறாதான் ரீச்சர், தல மட்டும் வேற மாதிரி."

அந்தக் கூடையிலிருந்து இரண்டு குட்டிகளை வாங்கி ஐஸ் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். பாடம் கசியிழைய மீன்கள். எலும்பு இல்லை, கசியிழையம்தான் என்று காட்டினேன். தோலை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவச் சொன்னேன், மணல்தாள் போல் உரசியது. பிறகு மல்லாக்கப் போட்டேன். மார்புச் செட்டை இரண்டுக்கும் நடுவில் சின்ன வெட்டு ஒன்று, இன்னும் மூடாமல். "இது என்ன?" என்று கேட்டேன். கத்தி பட்டது என்றார்கள், தூண்டில் என்றார்கள். ஒரு பிள்ளை மட்டும் மெதுவாகச் சொன்னா: "தொப்புள் மாதிரி இரிக்கி ரீச்சர்."

தொப்புள்தான். இந்தச் சுறாக்கள் முட்டை இடுவதில்லை. உம்மாவின் வயிற்றில் குட்டிகள் தொப்புள் கொடியோடு வளர்கின்றன, எங்களைப் போல. பிறந்த பிறகு அந்தக் காயம் மூட வாரங்கள் எடுக்கும். தொப்புள் மூடாத சுறா என்றால் பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்று அர்த்தம். சூரை மீனுக்கு இலட்சக்கணக்கில் முட்டை. புறாமலைச் சுறாவுக்கு ஒரு தடவையில் இரண்டிலிருந்து ஐந்து குட்டி, அதற்கும் மாதக்கணக்கில் சுமக்க வேண்டும். கசைவால் சுறாவுக்குப் பெரும்பாலும் இரண்டே இரண்டு. கொம்பனுக்குக் கொஞ்சம் அதிகம், பன்னிரண்டும் வரும் முப்பதும் வரும், ஆனால் அந்தக் குட்டிகள் எல்லாம் வளரும் இடம் கரையோரக் கலங்கல் தண்ணீர், எங்கட வலை போகும் இடம். அந்தக் கொம்பன் உலக அளவில் மிக ஆபத்தான நிலையில் இருக்கும் இனம் என்று சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. 2012, 2015 தடைகளில் அதன் பெயர் இல்லை.

வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு அந்தப் பிள்ளையே கேட்டா, "அப்ப நாங்க புள்ள பெத்தவங்களுக்கு பச்சப் புள்ளையயா குடுக்கிறம்?" நான் பதில் சொல்லவில்லை. மணி அடித்தது.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது, குமர்ப் பிள்ளைகளும் மாமிமாரும் கவனிக்க வேண்டியது. சுறா மற்ற மீனைத் தின்று வளர்வதால் கடலில் இருக்கும் இரசம், அதாவது மேர்க்குரி, அதன் இறைச்சியில் சேர்ந்துகொண்டே போகும். வயது கூடக் கூட, உருவம் பெருக்கப் பெருக்க அளவும் கூடும். கருவுற்றவர்களும் பால் கொடுக்கும் உம்மாமாரும் சிறு பிள்ளைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பட்டியல் போட்டே சொல்கிறது. எங்கட மூத்தம்மாமார் பெரிய சுறாவைத் தொடாமல் சின்ன இனத்தை மட்டும் கேட்டது இதைத் தெரிந்தா தெரியாமலா என்பது வேறு. கையில் கிடைத்த எந்தச் சுறாவையும் வறுத்துக் கொடுப்பது அவவுடைய வழக்கமும் இல்லை, டொக்டருடைய வழக்கமும் இல்லை. பால் ஊற வேண்டும் என்றால் நெத்தலியும் முருங்கை இலையும் இருக்கிறது. வீட்டில் இதைச் சொல்லி மாமியோடு சண்டை வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள், பரவாயில்லை.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. "நாங்க குட்டியத் தேடிப் போய்ப் பிடிக்கல்ல புள்ள. வலையில வருது. வந்தது செத்துத்தான் வருது. தூக்கி எறிஞ்சா அது உசிரோட வருமா? டீசல் காசு வருமா?" நியாயம். மாயா வலை இழுக்கும் முப்பது பேர் விடியற்காலையில் நின்று பங்கிடும் காசைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கூடையில் இருந்து ஒரு குட்டியைக்கூட விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? மாதச் சம்பளக்காரி நான். தடை செய்த சுறா தூண்டிலில் வந்தால் வெட்டி விட வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். கேஸ் போடும் அதே கைக்கு டைனமைட் சத்தம் மட்டும் கேட்பதில்லை என்பதும் அவருடைய பேச்சு. எங்கட கடலில் வெடி போட்டு மீன் பிடிப்பது முருகைக்கல்லைத் தூளாக்குகிறது, குட்டியையும் முட்டையையும் பார்ப்பதில்லை. அதைச் செய்கிறவர்கள் யார் என்று எல்லா ஊருக்கும் தெரியும். அவர்களுக்கு என்னிடம் ஒரு நியாயமும் இல்லை.

ஆனால் மாமாவே பிறகு ஒன்று சொன்னார். உயிரோடு வரும் குட்டியை மாயா வலையில் இருந்து திருப்பி விடலாம், அரை நிமிஷ வேலை, அவருடைய வாப்பா காலத்தில் விட்டிருக்கிறார்கள், சின்னதுக்கு விலை இல்லாததால். இப்போது விலை இருக்கிறது, நாங்கள் எல்லாரும் பால் சுறா என்று வாங்குவதால். ஆக விஷயம் கடலில் மட்டும் இல்லை, சந்தையில் குனிந்து பார்க்கும் எங்கள் கையிலும் இருக்கிறது. தலை மண்வெட்டியாக இருந்தால், செட்டை நுனி கறுத்திருந்தால், தொப்புள் மூடாமல் இருந்தால், வேறு மீன் வாங்குங்கள். நாலு பேர் வாங்காமல் போனால் வியாபாரிக்குத் தெரிந்துவிடும்.

சுறா தின்னலாமா, பல்லால் கிழித்துத் தின்னும் பிராணி அல்லவா என்று கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. எங்கட ஷாஃபிஈ மத்ஹபில் கடல் மீன் ஹலால், சுறாவும் அதில் அடங்கும் என்றுதான் நாங்கள் ஓதி வந்தோம். ஹலால் என்பது ஒன்று, எப்படிச் செய்கிறோம் என்பது இன்னொன்று. சூப்புக்காகச் செட்டையை மட்டும் உயிரோடு அறுத்தெடுத்து உடம்பைக் கடலில் தள்ளிவிடும் பழக்கம் உலகத்தில் இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. செட்டை இல்லாத சுறா நீந்த முடியாமல் அடியில் போய்க் கிடந்து சாகும். உயிருள்ள பிராணியை உறுப்பு உறுப்பாக அறுப்பதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை ஜும்ஆவில் கேட்டவர்கள்தான் நாம்.

பக்கத்தில் இருக்கும் மாலைதீவைப் பாருங்கள். சூரை மீனில் வாழும் முஸ்லிம் நாடு, எங்களை விட மீன் தின்கிறவர்கள். 2010 இல் தங்கள் கடல் முழுவதிலும் சுறா பிடிப்பதை நிறுத்தினார்கள். அதற்குப் பல வருடம் முன்னால், 1993 இல், அங்கே ஒரு கணக்குப் போட்டார்கள். சாம்பல் முருகைச் சுறா ஒன்று பிடித்தவனுக்கு ஒரு தடவை தருவது 32 டொலர். அதே சுறா சுழியோடிகள் பார்க்கும் இடத்தில் உயிரோடு சுற்றினால் வருடத்துக்குச் சராசரி 3,300 டொலர். புறாமலையில் போட் ஓட்டும் எங்கட பொடியன்மாருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சுறா காட்டித் தாறேன் என்றுதான் வெள்ளைக்காரரை ஏற்றுகிறார்கள். கரையில் வலை இழுக்கும் ஆளுக்கு அந்தக் காசில் பங்கு போவதில்லை என்பதுதான் சிக்கல்.

சுறாவுக்கும் எங்கட சனத்துக்கும் பழைய உறவு உண்டு. மன்னார் முத்துக்குளிப்பில் சுழியோடியவர்களில் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம்கள் நிறையப் பேர். அந்தக் காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார், மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் தொழில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவும் இதை எழுதி இருக்கிறார், முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்று. பிறகு வந்த வெள்ளைக்கார அரசாங்கம்கூடக் கடல்கட்டிக்குக் காசு கொடுத்து வைத்திருந்தது. அவர் இல்லாவிட்டால் சுழியோடிகள் இறங்க மாட்டார்கள். மந்திரம் வேலை செய்ததோ இல்லையோ, சுறா அவர்களை அதிகம் தொடவில்லை.

கடைசியாக வேளா மீன். முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள்? முகத்தில் வாள் நீட்டியிருக்கும், வாளின் இரண்டு பக்கமும் பல். உருவம் சுறா மாதிரி, ஆனால் திருக்கை இனம். ஆற்று வாயும் சேற்றுத் தண்ணீரும்தான் அதன் இருப்பிடம். கொட்டியாரக் குடா மாதிரி இடம். இரண்டாயிரம் வருடப் பழமையான பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை வீட்டில் நட்டுத் தெய்வமாக வணங்கிய செய்தி இருக்கிறது. அந்தக் கொம்பு வேளாவின் வாள்தான் என்று சொல்வார்கள். அது சரியென்றால், இரண்டாயிரம் வருடம் தமிழ் பேசும் கரைகளில் தெரிந்திருந்த மீன் அது. 2021 இல் இலங்கை மீனவர்களிடம் கேட்டு எடுத்த ஓர் ஆய்வு வெளிவந்தது. வயதானவர்களுக்கு அது நினைவிருக்கிறது, இளையவர்களுக்குத் தெரியவில்லை, எங்கட கடலில் அது இருந்தும் இல்லாத நிலைக்குப் போய்விட்டது என்று அந்த ஆய்வு சொல்கிறது. அந்த வாள் வலையில் சிக்கினால் எடுக்க முடியாது, அதுதான் அதன் விதி.

எங்கட வாப்பாவின் கூட்டாளி ஒருவர் சுவரில் ஒரு வேளா வாள் தொங்கவிட்டிருந்தார். சின்ன வயதில் அதன் பற்களை எண்ணி விளையாடி இருக்கிறோம். போன வருடம் அவருடைய பேரன் என் வகுப்பில் இருந்தான். வேளாவின் படத்தைக் காட்டினேன். "இது கார்ட்டூனா ரீச்சர்?" என்றான். வீட்டில் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். வீடு உடைத்துக் கட்டியபோது வாளை எங்கேயோ போட்டுவிட்டார்களாம். மூத்தாப்பாவுக்கு மட்டும் பெயர் ஞாபகம் இருந்ததாம். வேறு எதுவும் அவன் கேட்கவில்லை.

இப்போது ஒரு உதவி. வரும் தவணையில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பட்டியல் செய்யப் போகிறேன், கொட்டியாரக் குடா, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, திருகோணமலை டவுன் என்று இடம் பிரித்து, எந்தச் சுறாவுக்கு எங்கே என்ன பெயர் என்று. கொம்பன், பால் சுறா, புலிச் சுறா, உளுவை இவைகள் என்னிடம் இருக்கின்றன. உளுவை என்று மூதூரில் சொல்வதும் புல்மோட்டையில் சொல்வதும் ஒரே மீனா என்பதில் எங்கட வீட்டிலேயே இரண்டு கட்சி. வீட்டில் கடலுக்குப் போன மூத்தாப்பாமார், மாமாமார் இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் இருந்து கேளுங்கள். பெயர், எந்த மாதம் வரும், எந்த வலையில் வரும், கடைசியாக எப்போது கண்டார்கள். வொய்ஸ் மெசேஜ் ஆக எடுத்து அனுப்பினாலும் போதும், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். வேளாவைக் கண்ணால் கண்டவர்கள் யாராவது இருந்தால், முதலில் அவர்களிடம் கேளுங்கள்.